படகும் பத்திரமும்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலைப்பாதை வழியே மேலேறுவோர், வளைவுகள் முடிந்து பாதை சமனாகும் இடத்தில் குமுளியை அடைகின்றனர். இதனை ஓர் ஊர் என்பதைவிட, இரண்டு மாநிலங்கள் சந்திக்கும் வாயில் என்பதே பொருந்தும். சாலையின் இப்பக்கம் தமிழகம். சில அடிகள் நடந்தால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். கடைப் பலகைகளிலும் இரு மொழி, கடைத்தெருப் பேச்சிலும் இரு மொழி.

எல்லையை நெருங்கும் வாடகை வண்டி ஓட்டுநர் முதலில் செய்யும் காரியம் தம்முடைய பத்திரங்களைச் சரிபார்த்துக்கொள்வதாகும். பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம், தகுதிச் சான்று, காப்பீடு, பிற மாநிலத்துக்கான அனுமதி ஆகியவற்றுள் ஒன்று குறைந்தாலும் பயணம் தடைப்படும். பிழைப்பை நாடித் தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இந்த அனுபவம் புதிதன்று. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை மற்றொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெறவேண்டும் என்னும் மோட்டார் வாகனச் சட்ட விதி, நம்மில் பலரை அலுவலகத்துக்கு அலுவலகம் அலைய வைத்திருக்கிறது.

இவ்வாறு தரையில் பத்திரங்களைப் பற்றி இத்தனை கவலைப்படும் நாம், குமுளியிலிருந்து சிறிது தூரம் சென்று தேக்கடிப் படகுத்துறையில் நிற்கும்போது, ஏறப்போகும் படகுக்கு என்னென்ன பத்திரங்கள் உண்டு என்று ஒருவரையேனும் கேட்டதுண்டா? சீட்டு கிடைத்ததா, சன்னலோரத்தில் இடம் கிடைக்குமா, யானை கண்ணில் படுமா என்பவையே நம் கேள்விகள்.

தமிழில் 'பத்திரம்' என்னும் சொல் இரு பொருள்களில் வழங்குகிறது. எழுதிப் பதிவு செய்த ஆவணம் பத்திரம். தீங்கின்றி இருத்தலும் பத்திரம். வடமொழியின் இரு வேறு சொற்கள் தமிழில் ஒரே வடிவம் பெற்றமையால் இவ்வாறு நேர்ந்தது. ஊருக்குப் புறப்படும் மகனிடம் தாய் "பத்திரமாய்ப் போய் வா" என்கிறாள். எல்லையில் அதிகாரி "பத்திரத்தைக் காட்டு" என்கிறார். தரையில் இவ்விரண்டும் வெவ்வேறாகத் தோன்றலாம். நீரின்மேல் இரண்டும் ஒன்றே என்பதை இவ்வுரையில் எடுத்துக்கூற விழைகின்றோம்.

தேக்கடி ஏரியே ஒரு பத்திரத்தின்மேல் நிற்கிறது எனலாம். 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்கும் இடையே 999 ஆண்டுகளுக்கான குத்தகைப் பத்திரம் எழுதப்பெற்றது. அதன் பயனாகப் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை, 1895ஆம் ஆண்டில் பயனுக்கு வந்தது. அணைக்குப் பின்னால் தேங்கிய நீர்ப்பரப்பே இன்று நாம் படகேறிப் பார்க்கும் ஏரி. நீர் மூழ்கடித்த காட்டின் பட்ட மரங்கள் இன்றும் அதில் தலை நீட்டி நிற்கின்றன. நீரை எடுக்கும் உரிமை தமிழ்நாட்டுக்கு இருப்பினும், மீன்பிடிக்கும் உரிமையை 1970ஆம் ஆண்டின் துணை உடன்படிக்கையில் தமிழ்நாடு விட்டுக்கொடுத்தது. ஏரிக்கே இத்தனை பத்திரங்கள் உண்டெனில், அதில் மிதக்கும் படகுக்கு இல்லாமலா போகும்?

2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் மாலை அந்த ஏரியில் நேர்ந்தது நாடறிந்த துயரம். கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்னும் ஈரடுக்குப் படகு பயணிகளோடு கவிழ்ந்தது. 45 பேர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும், டில்லி முதலிய தொலைவிடங்களிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். படகோ புதியது, நீரில் இறங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. கரையோரத்து விலங்குகளைக் காண மேல்தட்டில் இருந்தோர் ஒரு பக்கமாகத் திரண்டனர், படகு சாய்ந்தது என்று உயிர் பிழைத்தோர் கூறினர். விலங்கைக் கண்டால் எட்டிப் பார்ப்பது மனித இயல்பு. அந்த இயல்பைத் தாங்கும் வலிமை படகுக்கு இல்லாமற் போனதே கேடு. படகின் நிலைப்புத்தன்மையிலேயே குறை இருந்தமை பின்னர் விசாரணையில் வெளிப்பட்டது.

நிலைப்புத்தன்மை என்பது யாது? ஒரு செப்புக்குடத்தில் பாதியளவு நீர் ஊற்றிக் குளத்தில் மிதக்க விட்டால், அது சாய்ந்தாலும் மீண்டும் நிமிர்ந்துகொள்ளும். எடை அடியில் இருக்கிறது. அதே குடத்தின் வாய்மேல் ஒரு கல்லை வைத்தால் சிறு அசைவிலும் கவிழ்ந்துவிடும். எடை மேலே ஏறிவிட்டது. படகும் அவ்வாறே. கீழ்த்தட்டில் அமர்ந்திருப்போர் அதனை நிமிர்த்தும் எடையாக இருக்கின்றனர். அவர்களே மேல்தட்டுக்கு ஏறினால் கவிழ்க்கும் எடையாகின்றனர். ஒரு பக்கம் நகர்ந்தால் ஆபத்து இரட்டிப்பாகிறது. இதனை முன்னரே அறிவதற்குச் சாய்வுச் சோதனை என ஒன்று உண்டு. அளவு தெரிந்த எடைகளைப் படகின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்தி, தொங்கவிட்ட தூக்குநூல் எவ்வளவு விலகுகிறது என்று அளப்பார்கள். அந்த அளவிலிருந்து எத்தனை பேரை, எந்தத் தட்டில் ஏற்றலாம் என்று கணக்கிடுவார்கள். படகில் எழுதி வைத்திருக்கும் பயணிகள் எண்ணிக்கை இத்தகைய கணக்கிலிருந்து பிறந்ததாக இருக்கவேண்டும். வருமானத்தை எண்ணி எழுதியதாக இருத்தல் கூடாது.

ஆதலின் ஒரு படகின் பத்திரங்களை ஐந்து கேள்விகளுக்கான விடைகளாகக் கொள்ளலாம். படகு யாருடையது? இதற்கு விடை பதிவுச் சான்று. படகு உறுதியானதா? இதற்கு விடை ஆய்வுச் சான்று. உடற்பகுதி, இயந்திரம், மிதவைச் சட்டைகள், தீயணைப்புக் கருவிகள் ஆகியவற்றை ஆய்வாளர் நேரில் கண்டு, குறித்த காலத்துக்கு மட்டும் வழங்குவது. எத்தனை பேரைத் தாங்கும்? இதுவும் ஆய்வுச் சான்றிலேயே எழுதப்பட்டிருக்கும். செலுத்துவோர் கற்றவர்தாமா? கேரளத்துப் படகுகளில் ஸ்ராங்கு என்றும், டிரைவர் என்றும், லஸ்கர் என்றும் வழங்கப்பெறும் பணியாளர்களுக்கு உரிய தகுதிச் சான்றுகள் இதற்கு விடை கூறும். கேடு நேர்ந்தால் ஈடு செய்வோர் யார்? இதற்கு விடை காப்பீட்டுப் பத்திரம்.

உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடும் இயந்திரப் படகுகளை நெடுங்காலம் ஆண்டது 1917ஆம் ஆண்டின் சட்டம். அதன் இடத்தில் 2021ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தை நிறைவேற்றியது; அது 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. எல்லைப்புறத்தில் வாழ்வோரும் அயல் மாநிலத்தில் வாழ்வோரும் மகிழத்தக்க ஏற்பாடு ஒன்று அதில் உண்டு. ஒரு மாநிலத்தில் பெற்ற பதிவு நாடெங்கும் செல்லும். அடுத்த மாநிலத்தில் தனி அனுமதி வேண்டுவதில்லை. துடுப்பால் செலுத்தும் சிறு படகுகளையும் உள்ளூர் அளவில் பதிந்து வைக்க அச்சட்டம் வழி செய்கிறது.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து ஓராண்டு நிறைவதற்குள், 2023ஆம் ஆண்டு மே 7ஆம் நாள், கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் மற்றொரு படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். அது மீன்பிடிப் படகாக இருந்து உல்லாசப் படகாக மாற்றப்பட்டது. மீனுக்கென்று கட்டிய உடலின்மேல் மனிதருக்கென்று ஒரு தட்டை ஏற்றினால் படகின் எடைக் கணக்கு முழுவதும் மாறிவிடும். அந்த மாற்றத்தைக் கண்டு தடுப்பதற்காகவே ஆய்வுச் சான்று ஏற்பட்டது.

இனிக் கடலை நோக்குவோம். முல்லைப் பெரியாற்று அணையில் தேங்கும் நீரின் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தமிழகத்துக்கு வருகிறது. பெரியாறோ இடுக்கியைக் கடந்து, ஆலுவாயின் வழியே சென்று, கொச்சிப் பகுதியில் அரபிக் கடலை அடைகிறது. அந்தக் கொச்சியின் காயலில், போல்காட்டித் தீவின் அருகே, அயல்நாட்டுப் பாய்ப்படகுகள் வந்து தங்கும் துறை ஒன்று உண்டு. தனியார் ஒருவர் தம் சொந்தப் படகில், இரண்டு மூன்று துணைவருடன், நாடுவிட்டு நாடு செல்வது இன்று அரிய செய்தியன்று. மும்பையிலோ சிங்கப்பூரிலோ வாழும் நம்மவருள் சிலருக்கும் இந்த ஆர்வம் உண்டு. அத்தகையோருக்கு ஏரிப் படகின் ஐந்து கேள்விகளோடு மேலும் சில சேர்கின்றன.

முதலாவது, கலம் எந்த நாட்டினது என்னும் கேள்வி. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை, ஒவ்வொரு கலமும் ஒரே ஒரு நாட்டின் கொடியின்கீழ் செல்லவேண்டும் என்கிறது. வசதிக்கேற்ப இரண்டு கொடிகளை மாற்றி மாற்றிப் பறக்கவிடும் கலம், நாடற்ற கலமாகக் கருதப்படலாம். நாடற்ற மனிதனுக்கு நேரும் துன்பம் நாடற்ற படகுக்கும் நேரும். ஏரிக்கும் ஆற்றுக்கும் பெற்ற பதிவு கடல் கடப்பதற்குப் போதாது. இந்தியக் கொடியுடன் அயல்நாடு செல்ல வணிகக் கப்பல் சட்டத்தின்கீழ்ப் பதிவு வேண்டும். 1958ஆம் ஆண்டின் அச்சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டமொன்றை 2025ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றியிருப்பதால், பயணத்துக்கு ஆயத்தமாவோர் நடப்பிலுள்ள விதிகளைக் கேட்டறிந்து செயற்படுதல் நலம். படகு பிறருடையதாயின், அதனை அயல்நாட்டுக்குக் கொண்டுசெல்ல உடையவர் எழுதித் தந்த ஒப்புதலும் கையில் இருத்தல் வேண்டும்.

இது தொடர்பாகத் தமிழர் மறக்கவொண்ணாத கலம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் நம்மவர் கட்டிய 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பலை, உலகைச் சுற்றிய அமெரிக்க மாலுமியான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரால் அதற்குப் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயரிட்டார். வல்வெட்டித்துறைத் தமிழர்களே அதனைச் செலுத்திச் சென்று, 1938ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தனர். உடையவர் மாறினார், பெயர் மாறிற்று; செலுத்திய கைகள் மாறவில்லை. இன்று இத்தகைய பயணம் நிகழுமானால், உடைமை மாற்றம், பெயர் மாற்றம், மாலுமிகளின் அடையாளம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு துறைமுகமும் பத்திரத்தில் காண விரும்பும்.

இரண்டாவது, செலுத்துவோரின் தகுதி. இதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. பிரிட்டனில், தம் பொழுதுபோக்குக்காகச் சிறு படகைக் கடலில் செலுத்தும் தனியாரிடம் உரிமம் கட்டாயமாகக் கேட்கப்படுவதில்லை. குரோவேசியா போன்ற நாடுகளோ சான்று இல்லாதவரிடம் சுக்கானை ஒப்படைப்பதில்லை. சிங்கப்பூரில் இயந்திரப் பொழுதுபோக்குப் படகு ஓட்டுவதற்குத் தனி உரிமம் உண்டு. ஐரோப்பிய நாடுகளின் நீர்வழிகளில் பரவலாக ஏற்கப்படும் பன்னாட்டுத் திறமைச் சான்று ஒன்றுக்கு, ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 1998ஆம் ஆண்டின் தீர்மானத்தால் வடிவம் தந்தது. ஆதலின் தம் நாட்டில் சான்று வேண்டாம் என்பதைக் கொண்டு, போகும் நாட்டிலும் வேண்டாம் என்று முடிவுகட்டல் ஆகாது.

சான்று என்பது அனுபவத்தின் சாட்சியே அன்றி அனுபவமாகிவிடாது. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா என்னும் இந்தியக் கடற்படைப் பெண் அதிகாரிகள் இருவர், 'தாரிணி' என்னும் பாய்ப்படகில் 2024ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025ஆம் ஆண்டு மே மாத இறுதியில் திரும்பினர். அது கடற்படைக் கலமாதலால் தனியார் படகின் விதிகள் அதற்குப் பொருந்தா. ஆயினும், இருவர் மட்டுமே செல்லும் அப்பயணத்துக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் கடலில் பயிற்சி பெற்றனர் என்பதை, ஒரு வாரப் பயிற்சியில் சான்று பெற்றுவிட்டுக் கடலில் இறங்க நினைப்போர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, வானொலி. கலத்தில் வானொலிக் கருவி வைத்திருக்க ஓர் உரிமமும், அதனைக் கையாள்வோருக்கு ஒரு சான்றும் வேண்டும். கலத்துக்கு ஒன்பது இலக்கங்கொண்ட அடையாள எண் ஒன்று வழங்கப்படும். இந்தியக் கலங்களின் எண் 419 என்று தொடங்கும். இவற்றோடு, நீரில் வீழ்ந்தால் செயற்கைக்கோள் வழியே அபயக்குரல் எழுப்பும் சிறு கருவி ஒன்றும் உண்டு. அதன் குரல் இந்தியாவில் பெங்களூரில் உள்ள விண்வெளி ஆய்வு நிறுவன நிலையத்துக்கு வந்து சேரும். கருவியின் எண்ணை உடையவர் பெயர், தொலைபேசி எண், படகின் தோற்றம் ஆகியவற்றோடு முன்னரே பதிந்து வைத்தல் வேண்டும். படகை விற்றும் பதிவை மாற்றாவிடின், ஆபத்து வேளையில் தேடுவோர் பழைய உடையவரின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைப்பார்கள்; அவரோ தம் வீட்டில் அமைதியாக உறங்கிக்கொண்டிருப்பார்.

இதன் அருமையை 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் கண்டோம். உலகைத் தனியே சுற்றும் போட்டியில் 'தூரியா' என்னும் படகில் சென்ற கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, தென்னிந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கினார். பாய்மரம் முறிந்தது, முதுகில் பலத்த அடிபட்டு எழ இயலாமற் கிடந்தார். கரையிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் இருந்த அவர் யார், எங்கே இருக்கிறார் என்பதைக் கருவிகள் தெரிவித்தன. செப்டம்பர் 24ஆம் நாள் 'ஓசிரிஸ்' என்னும் பிரெஞ்சுக் கலம் அவரை மீட்டது. அவரே மீண்டும் கடலில் இறங்கி, அதே போட்டியில் 2023ஆம் ஆண்டு இரண்டாம் இடம் பெற்றார்.

நான்காவது, துறைமுகங்களின் வாயில். புறப்படும் நாட்டில் குடிநுழைவு அதிகாரி கடவுச்சீட்டில் முத்திரையிடவேண்டும். சுங்கத்துறையும் துறைமுகமும் புறப்பாட்டு அனுமதி தரவேண்டும். சேரும் நாட்டில் முதலிற் கேட்கப்படுவது, விட்டுவந்த துறைமுகத்தின் புறப்பாட்டுச் சான்றே. அதனுடன் கலத்தில் உள்ளோரின் பட்டியல், கடவுச்சீட்டுகள், விசாக்கள், கலத்திலுள்ள பொருள்களின் பட்டியல், சில நாடுகளில் மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு ஆகியவை வேண்டும். இவையனைத்தும் முடியும்வரை மஞ்சள் கொடி ஒன்றைப் பறக்கவிட்டுக் காத்திருத்தல் கடல் மரபு. மருந்துகள், மது, ஆயுதம், வளர்ப்பு விலங்குகள் ஆகியவற்றை ஒளிக்காமல் அறிவித்தலே அறிவுடைமை. ஐரோப்பிய ஒன்றியத்தில், வெளிநாட்டில் வாழ்வோரின் படகு வரி செலுத்தாமல் 18 மாதங்கள்வரை தங்கலாம். மேலும் தங்கினால் வரி கேட்பார்கள்.

இவை யாவும் இக்காலத்து அலுவலகத் தொல்லைகள் என்று சலித்துக்கொள்ள வேண்டுவதில்லை. காவிரிப்பூம்பட்டினத்தின் துறையில் சுங்க அதிகாரிகள் பண்டங்களின்மேல் சோழரின் புலி முத்திரையைப் பொறித்ததைப் 'பட்டினப்பாலை' கூறுகிறது. முத்திரையின்றி வாயில் கடத்தல் ஆகாது என்பது நம் முன்னோர் நன்கு அறிந்த வழக்கமே.

ஆயினும் பத்திரம் இருப்பதால் மட்டும் படகு மிதந்துவிடாது. தாளில் எழுதியது படகிலும் உண்மையாக இருத்தல் வேண்டும். எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஒருவர் ஏறினாலும் அந்தத் தாள் பொய்யாகிவிடுகிறது. ஆய்வுக்குப் பின் ஒரு தட்டை உயர்த்தினாலும் பொய்யாகிவிடுகிறது. மிதவைச் சட்டைகள் இத்தனை என்று பத்திரத்தில் இருந்து, அவை பெட்டியில் பூட்டப்பட்டுக் கிடந்தாலும் அவ்வாறே. பத்திரத்தைப் பொய்யாக்காமல் காக்கும் கடமை உடையவருக்கும் ஆய்வாளருக்கும் மட்டும் உரியதன்று. ஏறும் நமக்கும் உண்டு.

எனவே, அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நேயர்கள், பிள்ளைகளோடு குமுளி வழியே தேக்கடிக்குச் செல்வீர்களாயின், படகேறுமுன் நான்கு செய்திகளைப் பாருங்கள். பதிவெண் படகின்மேல் எழுதப்பட்டிருக்கிறதா? எத்தனை பேர் ஏறலாம் என்பது கண்ணில் படும்படி இருக்கிறதா? ஆய்வுச் சான்றின் காலம் முடியாமல் இருக்கிறதா? மிதவைச் சட்டை ஒவ்வொருவருக்கும், குழந்தைகளுக்கு அவர்கள் அளவிலும், இருக்கிறதா? சட்டையை அணிந்து, கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு அமருங்கள். கரையில் யானை தென்பட்டால் அமர்ந்த இடத்திலிருந்தே பாருங்கள். பிள்ளைகளுக்கும் அவ்வாறே சொல்லிவையுங்கள். கேள்வி கேட்பது கௌரவக் குறைவு என்று எண்ணவேண்டா. எல்லையில் அதிகாரி நம்மிடம் பத்திரம் கேட்கும்போது நாம் சினப்பதில்லை அன்றோ? படகுக்காரரும் சினக்கமாட்டார், சினப்பாராயின் அப்படகில் ஏறாதிருப்பதே பத்திரம்.